சோதனையில் பாஸான ரத்தம்

முப்பத்தோரு வயதில்தான் அவர் முதல்முறையாக ஒரு பேருந்தைத் துரத்திப் பிடித்தார்.

ஏறிய பிறகும் படியிலேயே நின்று, மூச்சு வாங்க, சிரித்துக்கொண்டிருந்தார். நடத்துநருக்குப் பொறுக்கவில்லை. “பஸ்ஸைப் பிடிச்சதுக்கே இந்தச் சிரிப்பா? உள்ள சீட்டு வேற கிடைச்சா என்னய்யா பண்ணுவ?” என்று கேட்டார். இவருக்குப் பதில் சொல்ல மூச்சில்லை. அதுவரை எதன் பின்னாலும் அவர் ஓடியதே இல்லை.

பள்ளிக்கூடத்தில் அவருக்குப் பஞ்சு என்று பெயர். மூக்கிலோ, ஈறிலோ, விரல் நுனியிலோ எங்காவது ஒரு பஞ்சுத் துணுக்கு ஒட்டிக்கொண்டிருக்கும். விளையாட்டு நேரத்தில் மற்றவர்கள் மைதானத்தில் புழுதி கிளப்ப, பஞ்சு அவர்களுடைய பைகளுக்குக் காவல் இருப்பார். ஆள் வளர்ந்தும் பெயர் உதிரவில்லை. மனைவியைத் தவிர எல்லோரும், பெற்ற தாய் உட்பட, இன்றும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.

ஏறக்குறைய ஐயாயிரம் ஆண் குழந்தைகளில் ஒன்றுக்கு வரும் கோளாறு அவருடையது. தீப்பிடித்த வீட்டுக்கு வரிசையாக ஆட்கள் நின்று தண்ணீர் வாளியைக் கைமாற்றுவதைக் கற்பனை செய்துகொள்ளலாம். ரத்தம் உறைவதும் அப்படித்தான். ஒரு புரதம் அடுத்ததைத் தூண்ட, அது அடுத்ததைத் தூண்ட, கடைசியில் காயம் அடைபடுகிறது. பஞ்சுவின் ரத்தத்தில் எட்டாம் எண் கொண்ட ஆள் வேலைக்கு வருவதில்லை. வாளி அங்கேயே நின்றுவிடும்.

ஊர் நினைப்பதுபோல விரலில் பட்ட கீறல் அவரைக் கொன்றுவிடாது. அழுத்திப் பிடித்தால் கொஞ்சம் தாமதமாக நிற்கும். ஆபத்து உள்ளே இருக்கிறது. காரணமே தெரியாமல் முழங்காலுக்குள் ரத்தம் கசியும், முட்டி பூசணிபோல வீங்கும், வாரக்கணக்கில் படுக்கை. இப்படிப் பல தடவை கசிந்து அவருடைய இடது முட்டி முழுதாக மடங்காமல் போய்விட்டது. அம்மாவின் தம்பி, அதாவது பஞ்சுவின் தாய்மாமன், ஒரு பல்லைப் பிடுங்கப் போய் உயிரை விட்டவர். நோய் தாய்வழியில் இறங்குவது என்று மருத்துவர் விளக்கிய நாளிலிருந்து அம்மா தன் மகனின் முகத்தை நேராகப் பார்ப்பதைக் குறைத்துக்கொண்டார்.

அந்தக் காலத்து வைத்தியம் வெள்ளம் வந்தபின் மூட்டை அடுக்குகிற வேலை. கசிந்தால் ஓடு, ரத்த நாளத்தைத் தேடு, எட்டாம் ஆளைப் புட்டியிலிருந்து ஏற்று. பிறகு, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வயிற்றுத் தோலுக்கடியில் போடும் ஒரு ஊசி வந்தது. கசிவு வந்தாலும் வராவிட்டாலும் போட்டுக்கொள்ள வேண்டும். அது எட்டாம் ஆளைக் கூட்டி வருவதில்லை. அவனுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நிற்பவர்களின் கைகளைப் பிடித்து இழுத்துச் சேர்த்துவிடுகிறது. வாளி நகர்கிறது. ஊசி தொடங்கிச் சில மாதங்களிலேயே பஞ்சு பேருந்தைத் துரத்தினார். அடுத்த மாதம் கண்ணாடிக் கடையில் போய் வேலை கேட்டார்.

கடை முதலாளி அவரை மேலும் கீழும் பார்த்தார். “ரத்தம் நிக்காதவன் கண்ணாடிக் கடைக்கு வேலை கேட்டு வந்திருக்க. உனக்கென்ன மூளை இல்லையா?”

“மூளை இருக்கு முதலாளி. அந்த எட்டாவது ஆளுதான் இல்ல. அதுக்கும் ஊசி போட்டாச்சு.”

முதலாளிக்குப் பாதி புரியவில்லை என்றாலும் பிடித்துப்போயிற்று. அளவெடுக்கலாம், மேசையில் வைத்து அறுக்கலாம், தூக்கக் கூடாது என்று சொல்லிச் சேர்த்துக்கொண்டார். அறுப்பதில் பஞ்சுவுக்கு நல்ல கை வந்தது. சிறு சக்கரம் பதித்த கோலை ஒரே இழுப்பில் இழுப்பார். கண்ணாடி ‘சர்ர்’ என்று கோடு வாங்கும். மேசை ஓரத்தில் வைத்து ஒரு தட்டு, அவ்வளவுதான். இடையில் கை நின்றால் கண்ணாடி தன் இஷ்டத்துக்கு உடையும். தயங்காமல் இழுக்கிறவனுக்குத்தான் அது கட்டுப்படும் என்று கடையில் சொல்வார்கள். வாழ்நாள் முழுக்கத் தயங்கியே நடந்த மனிதருக்கு இது போதையாக இருந்தது.

தூக்கக் கூடாது என்ற விதி மெல்ல மெல்லத் தேய்ந்தது. உடன் வேலை செய்பவர் நெட்டை; ஒட்டடைக் கம்பு உயரம், வாய் அதைவிட நீளம். “மாப்ள, ஒரு கை குடு” என்று முதலில் சின்னக் கண்ணாடிக்குக் கூப்பிட்டார். பிறகு பெரியதற்கு.

இந்தச் சமயத்தில்தான் ஒரு பெரிய கட்டடத்தின் வேலை கடைக்கு வந்தது. உள்ளே வேலை செய்கிறவர்கள் எல்லோரும் உடல் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும் என்று கட்டடக்காரர்கள் சொன்னார்கள். ஆய்வுக்கூடத்தில் ரத்தம் எடுத்த பெண்ணிடம், “உறையுற நேரம் பார்க்கிற டெஸ்ட்டையும் சேர்த்துப் பாருங்களேன்” என்று பஞ்சு தானாகவே கேட்டார். சிறு வயதிலிருந்து அந்தச் சோதனையில் அவர் தேறியதே இல்லை. மறுநாள் போனபோது அந்தப் பெண் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. “எல்லாம் நார்மல்” என்றாள்.

“உறையுறதுமா?”

“அதுவும்தான். அடுத்த ஆள் வாங்க.”

பஞ்சு வீட்டுக்கு நடந்துபோகவில்லை என்கிறார், மிதந்து போயிருக்கிறார். அம்மா கேட்டுவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தார். பிறகு எழுந்து, தெருவில் ஒரு வீடு விடாமல் சொல்லிவிட்டு வந்தார். “என் பையன் ரத்தம் சரியாயிடுச்சு.” அன்றிரவு சாப்பாடு போடும்போது மகனின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மனைவி ஒரு பார்சல் அலுவலகத்தில் கவுண்டரில் இருப்பவர். ‘உடையும் பொருள்’ என்று ஒட்டியிருந்தாலும் குலுக்கிப் பார்த்துவிட்டே வாங்குகிற ரகம். “ஊசியை நிறுத்தச் சொன்னாங்களா?” என்று கேட்டார்.

“இல்ல.”

“அப்ப போடுங்க.”

ஊசி போடும் மருத்துவமனை நகரத்தின் மறுகோடி. முதல் முறை, கட்டட வேலை நெருக்கியதால் போகவில்லை. ஒன்றும் ஆகவில்லை. இரண்டாம் முறை வேலை நெருக்கவில்லை, இருந்தும் போகவில்லை. அப்போதும் ஒன்றும் ஆகவில்லை. பஞ்சு இப்போது சொல்கிறார்: “நோயாளிங்க வரிசையில உக்காரப் பிடிக்கல. எனக்குத்தான் இல்லையே, நான் எதுக்கு அங்க உக்காரணும்னு தோணுச்சு.” மருத்துவமனை நர்ஸ் தொலைபேசியில் கூப்பிட்டபோது ஊரில் இல்லை என்றார். மனைவி “ஊசி ஆச்சா?” என்று கேட்கும்போதெல்லாம் “ஆச்சு” என்றார். மூன்று மாதம் இப்படியே ஓடியது.

சம்பவம் நடந்த அன்று கட்டடத்தின் மின்தூக்கி வேலை செய்யவில்லை. ஆள் உயரக் கண்ணாடி ஒன்றைப் படிக்கட்டு வழியாக ஏற்ற வேண்டியிருந்தது. ரப்பர்க் கிண்ணம் பொருத்திய உறிஞ்சு பிடிகளைக் கண்ணாடியில் பதித்து, மேலே நெட்டை, கீழே பஞ்சு. திருப்பத்தில் நெட்டையின் கால் சிமெண்டுத் தூளில் வழுக்கியது. கண்ணாடியின் முழுப் பாரமும் கீழே இறங்கியது. பஞ்சு வலது காலைப் பின்னால் எட்டி ஊன்றி, உடம்பை வில்லாக வளைத்துத் தாங்கிவிட்டார். கண்ணாடி உடையவில்லை. ஒரு கீறல்கூட இல்லை.

“மாப்ள, நீ மனுஷன் இல்லடா, கிரேன்டா!” என்றார் நெட்டை.

பஞ்சுவும் சிரித்தார். வலது தொடை வயிற்றோடு சேரும் இடத்தில் ஏதோ சுளுக்கியதுபோல் இருந்தது. சாப்பாட்டு நேரத்தில் அங்கே ஒரு குறுகுறுப்பு தொடங்கியது. சின்ன வயதிலிருந்து அவருக்குத் தெரிந்த குறுகுறுப்பு அது. முட்டி வீங்குவதற்கு முன்னால் எறும்பு ஊர்வதுபோல வரும். தெரிந்தும், சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். மாலைக்குள் வலது அடிவயிற்றில் வலி குத்தி எடுத்தது. காலை நீட்ட முடியவில்லை. நெட்டையும் முதலாளியும் கண்ணாடி வண்டியிலேயே அவரைப் படுக்கவைத்துப் பக்கத்தில் இருந்த மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். வழக்கமான மருத்துவமனை தூரம். தவிர, “அங்க வேண்டாம்” என்றார் பஞ்சு.

அவசரப் பிரிவில் இருந்த அறுவை மருத்துவர் இளம்பெண். நிதானமானவர், கேள்விகளை ஒழுங்காகத்தான் கேட்டார்.

“இங்க அழுத்தினா வலிக்குதா?”

“அம்மா!”

“காலை நீட்டுங்க.”

“முடியல டாக்டர்.”

“வேற ஏதாவது வியாதி உண்டா? சர்க்கரை, பிரஷர்?”

“ஒண்ணும் இல்ல.”

“முட்டி ஏன் இப்படி இருக்கு?”

பஞ்சு முட்டியைக் கையால் மறைத்தார். “சின்ன வயசுல… ரத்தம் உறையுறதுல கொஞ்சம் கோளாறு இருந்துச்சு. இப்ப சரியாயிடுச்சு.”

மருத்துவர் புருவத்தை உயர்த்தினார். “அதெல்லாம் தானா சரியாகிற விஷயம் இல்லையே” என்று சொல்லி, மற்ற சோதனைகளோடு உறைதல் சோதனையையும் எழுதினார். ஸ்கேனில் வலது அடிவயிற்றில் ஏதோ திரவம் தேங்கியிருப்பது தெரிந்தது. குடல்வால் தெளிவாகத் தெரியவில்லை. இலேசான காய்ச்சல். உறைதல் சோதனை நார்மல்.

நார்மல் என்ற சொல்லைக் கேட்டதும், அந்த வலியிலும் பஞ்சுவுக்கு நிம்மதியாக இருந்தது. பார்த்தாயா, நான் சொன்னேனே என்று யாரிடமோ சொல்லத் தோன்றியது.

“அப்பெண்டிக்ஸ் வெடிச்சிருக்கலாம்னு சந்தேகப்படுறேன். பெரிய ஸ்கேன் மெஷினுக்கு ஒரு விபத்துக் கேஸ் முன்னால நிக்குது. காத்திருக்கறது நல்லதில்ல. தியேட்டர் தயாராகுது” என்றார் மருத்துவர்.

அந்நேரம் மனைவி வந்து சேர்ந்தார். அலுவலகச் சீருடையைக்கூட மாற்றவில்லை. நெட்டை வாசலிலேயே பிடித்துக்கொண்டார். “தங்கச்சி, பயப்படாதீங்க. குடல்வால்தானாம். எங்க சித்தப்பாவுக்குக்கூட எடுத்தாங்க. இன்னிக்கும் ரெண்டு ஆள் சோறு சாப்பிடுறாரு.”

மனைவி நேராக மருத்துவரிடம் போனார். “டாக்டர், இவருக்கு ரத்தம் உறையாத நோய். ரெண்டு வாரத்துக்கு ஒருதரம் ஊசி போடுறாரு. தெரியும்ல?”

மருத்துவர் திரும்பிப் பஞ்சுவைப் பார்த்தார். “சரியாயிடுச்சுன்னு சொன்னீங்க?”

“டெஸ்ட்டு நார்மல்தானே டாக்டர்” என்றார் பஞ்சு, சுவரைப் பார்த்தபடி.

“என்ன ஊசி?”

மனைவிக்குப் பெயர் வாயில் வரவில்லை. “இருங்க, ஊசி போடுற ஆஸ்பத்திரி நர்ஸக்காவுக்கே போன் போட்டுத் தர்றேன்.” கைப்பையைத் துழாவிப் போனை எடுத்தார்.

இரண்டு ஊழியர்கள் தள்ளுகட்டிலின் பூட்டை விடுவித்தார்கள். ஒருவர் பஞ்சுவின் கைக்கடிகாரத்தைக் கழற்றி மனைவியிடம் நீட்டினார். மனைவி ஒரு கையில் அதை வாங்கிக்கொண்டே, மறுகையில் எண்ணைத் தட்டினார். மணி அடித்தது. யாரும் எடுக்கவில்லை. மறுபடியும் தட்டினார்.

“போன் பண்ணாத” என்றார் பஞ்சு.

“ஏன்?”

கட்டில் நகரத் தொடங்கியது. மனைவி கூடவே நடந்தார். “ஏங்க, உங்களைத்தான் கேக்கறேன். ஏன் பண்ணக் கூடாது?”

பஞ்சுவுக்கு அந்தக் கணம் இரண்டும் தெரிந்திருந்தது. வயிற்றில் இருப்பது குடல்வால் இல்லை, பழைய குறுகுறுப்பின் பெரிய அண்ணன் என்று உடம்பு மதியத்திலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தது. அதை வாய்விட்டுச் சொன்னால் மூன்று மாதப் பொய்யும், தெருவெல்லாம் அம்மா சொல்லி வந்த நல்ல செய்தியும் ஒரே தட்டில் உடைந்துபோகும். சொல்லாவிட்டால், இந்தக் கதவுக்கு அந்தப் பக்கம் கத்தி காத்திருக்கிறது. நடைபாதை விளக்குகள் தலைக்கு மேல் ஒவ்வொன்றாகப் பின்னால் போயின.

“நான் போகல” என்றார்.

“எங்க போகல?”

“ஊசிக்கு. மூணு மாசமா போகல. ஆச்சு ஆச்சுன்னு உன்கிட்ட சும்மா சொன்னேன்.”

மனைவி நின்றுவிட்டார். கட்டில் நாலடி போய்விட்டது. ஓடிவந்து அதன் கம்பியை இரு கைகளாலும் பிடித்து இழுத்தார். “நிறுத்துங்க! டாக்டர்! கத்தி வைக்காதீங்க!”

“அம்மா, டெஸ்ட் நார்மலா இருக்கு” என்று மருத்துவர் தொடங்கினார்.

“அந்த டெஸ்ட்டை நம்பாதீங்க டாக்டர்.” குரல் பஞ்சுவுடையது. வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு பேசினார். “முதல் ஊசி அன்னிக்கே சொன்னாங்க. இந்த மருந்து உள்ள இருக்கறவரைக்கும் அந்த டெஸ்ட்டு சரியாச் சொல்லாது, யார் கேட்டாலும் சொல்லிடுன்னு. நான் கேட்டேன். புரிஞ்சுது. ஆனா நார்மல்னு ஒருத்தி சொன்னப்ப, அதையே பிடிச்சுக்கிட்டேன்.”

மருத்துவர் கட்டிலின் முன்னால் வந்து நின்றார். “நான் இதுவரைக்கும் இந்த மருந்துல இருக்கிற ஒருத்தரைப் பார்த்ததில்ல. கேட்காம கை வைக்க மாட்டேன்” என்றார். ஊழியர்களைப் பார்த்து, “தியேட்டர்ல சொல்லிடுங்க, காத்திருக்கட்டும்” என்றார். மனைவியின் போனில் அதற்குள் நர்ஸ் கிடைத்திருந்தார். நர்ஸிடமிருந்து அங்கிருந்த ரத்தநோய் மருத்துவரிடம் போன் கைமாறியது. அவர் பேசியது ஸ்பீக்கரில் எல்லோருக்கும் கேட்டது.

“சோதனைக் குழாய்க்குள்ள இந்த மருந்து ரொம்ப சுறுசுறுப்பு. துளி மிச்சம் இருந்தாலும் நார்மல்னு காட்டிடும். உடம்புக்குள்ள அது போதவே போதாது. இடுப்பு மடிப்புத் தசையில ரத்தம் கசிஞ்சா அப்பெண்டிக்ஸ் மாதிரியேதான் வலிக்கும். பெரிய ஸ்கேன் எடுங்க. அதுவரைக்கும் ஆபரேஷன் வேணாம். தொடையில உணர்ச்சி இருக்கா, பாருங்க.”

மருத்துவர் ஊசி முனையால் தொடையின் முன்பக்கத்தைத் தொட்டார். “தெரியுதா?”

“கம்பளி மேல தொடுற மாதிரி இருக்கு.”

தேங்கிய ரத்தம் நரம்பை நெரிக்கத் தொடங்கியிருந்தது. எட்டாம் ஆளை உடனே ஏற்ற வேண்டும். இந்த மருத்துவமனையில் அந்தப் புட்டி இல்லை. வழக்கமான மருத்துவமனையில் இருக்கிறது, நடுவில் அலுவலகம் விட்ட நேரத்து நகரம் இருக்கிறது.

முதலாளி சாவியை எடுத்தார். கண்ணாடி வண்டியை ஓட்டி ஓட்டிப் பழகியவர். வேகத்தடையைக் கண்டால் இறங்கி வணங்கிவிட்டுத்தான் ஏறுவார் என்று கடையில் கேலி உண்டு. “நீங்க ஓட்டினா நாளைக்குத்தான் வரும். கொடுங்க இப்படி” என்று நெட்டை கையை நீட்டினார்.

“வாயை மூடிட்டு ஏறுடா.”

அவர்கள் போன பிறகு, நேரம் நகர மறுத்தது. விபத்துக் கேஸ் முடிந்து ஸ்கேன் எடுத்தார்கள். குடல்வால் ஒரு குறையும் இல்லாமல் இருந்தது. அதன் பின்னால், தசைக்குள், கைப்பிடி அளவு ரத்தம் கட்டியிருந்தது. படத்தைப் பார்த்த அறுவை மருத்துவர் நாற்காலியை இழுத்துப்போட்டுக் கட்டில் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை தொடையைத் தொட்டு, “இப்ப?” என்றார். கம்பளி கனத்துக்கொண்டே போனது. முழங்கால் வரை இறங்கியது.

மனைவி கடிகாரத்தைக் கையில் இறுக்கிப் பிடித்தபடி நின்றிருந்தார்.

“ஏதாவது திட்டேன்” என்றார் பஞ்சு.

“திட்டுறதுக்கு ஆள் முழுசா வேணும். முதல்ல உருப்படியா எழுந்திருங்க.”

“அம்மாகிட்ட என்ன சொல்றது?”

“அதை நீங்களே சொல்லுங்க. தெருவுக்கும் சேர்த்து.”

வாசலில் டயர் தேயும் சத்தம் கேட்டது. நெட்டைதான் முதலில் ஓடிவந்தார், மார்போடு ஒரு ஐஸ் பெட்டியை அணைத்துக்கொண்டு. முகம் வெளுத்திருந்தது. “இனிமே அந்தாளு ஓட்டுற வண்டியில நான் ஏற மாட்டேன். ஒன்வேயில எதிர்ல போனாருப்பா! சிக்னல்ல போலீஸ்காரர் கையைக் காட்டினா, இவரு பதிலுக்குக் கையைக் காட்டிட்டுப் போறாரு!”

புட்டியில் இருந்த பொடியை நீரில் கரைத்து, கைநாளத்தில் மெல்ல ஏற்றினார்கள். எட்டாம் ஆள் வரிசையில் வந்து நின்றான். வலி உடனே போகவில்லை. முதலில் ஏறுவது நின்றது. வெகுநேரம் கழித்து இறங்கத் தொடங்கியது. “இப்ப?” என்று மருத்துவர் கேட்டபோது, பஞ்சு கண்ணை மூடிக் கவனித்துப் பார்த்தார்.

“கம்பளி அப்படியேதான் இருக்கு. ஆனா முட்டிக்குக் கீழ இறங்கல.”

மறுநாள் காலை அம்மா வந்தார். பஞ்சு எல்லாவற்றையும் தானே சொன்னார். சரியாகவில்லை, இனி ஆகப்போவதும் இல்லை, ஊசி இருக்கும்வரைதான் ஓட்டம் என்று. அம்மா முகத்தைத் திருப்பிக்கொள்வார் என்று எதிர்பார்த்தார். அம்மா திருப்பவில்லை. “ஓடினியே, அது நிஜம்தானே?” என்று மட்டும் கேட்டார். பிறகு, “தெருவுல நான் பேசிக்கிறேன். நீ வாயைத் திறக்காத, நீ திறந்த வரைக்கும் போதும்” என்றார்.

கட்டி கரைய மாதங்கள் ஆகும். வலது தொடையின் முன்பக்கம் இன்னும் மரத்திருக்கிறது; நரம்பு முழுதாக மீளுமா என்பதை இப்போதைக்கு யாராலும் சொல்ல முடியவில்லை. கண்ணாடிக் கடையில் அவருடைய மேசை காலியாகத்தான் இருக்கிறது. தடுப்பு மருந்தை முதலிலிருந்து தொடங்க வேண்டும்: முதல் நான்கு வாரம் வாரம் ஒரு ஊசி, அதன் பிறகு பழையபடி இரண்டு வாரத்துக்கு ஒன்று. வீட்டிலேயே ஊசி போட மனைவி நர்ஸிடம் பழகிவிட்டார். முதல் ஊசி வரும் வெள்ளிக்கிழமை காலை, மனைவி வேலைக்குக் கிளம்புவதற்கு முன்.